ஒரு மில்லிவாட் பச்சை லேசரில் இசட்-ஸ்கேன்: மாலிப்டினம் டைசல்பைடு செதில்களை அளப்பதும், அளந்த எண்ணைச் சோதிப்பதும்

ஒரு லென்ஸ், ஒரு நகரும் மேடை, ஒரு துளை, ஒரு டிடெக்டர். இசட்-ஸ்கேனுக்கு அடிப்படையில் வேண்டியது இவ்வளவுதான். மாதிரியை லென்ஸின் குவியத்தின் ஊடே நகர்த்தி, துளை வழியே வரும் ஒளி கூடிக் குறைவதைப் பார்த்து, ஒளிச்செறிவோடு மாதிரியின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் முறை இது. பச்சை லேசரும் அல்ட்ராசோனிக் பாத்தும் யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டரும் உள்ள இயற்பியல் துறையில், அது தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ பர்கூரோ, ஒரு எம்.எஸ்சி. மாணவர் ஒரு பருவத்துக்குள் இதை முடித்துவிடலாம். எண் வந்துவிடும். அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் பெரும்பாலான புராஜெக்ட் அறிக்கைகள் சறுக்குகின்றன. தொடர்ந்து எரியும் லேசரில் கிடைக்கும் “நேரிலா ஒளிவிலகல் எண்” பெரும்பாலும் திரவம் சூடாவதன் அளவு. அதில் மிதக்கும் மெல்லிய செதிலுக்குள் இருக்கும் எலக்ட்ரானுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இந்த வழிகாட்டி மாதிரி தயாரிப்பில் தொடங்கி, அளந்து, சூட்டைப் பிரித்துக் காட்டி, கடைசியில் ஃபைபர் லேசருக்கான படலம் வரை போகிறது.

எந்தப் பொருள், ஏன்

ஓரணு கனமுள்ள கார்பன் தாளான கிராஃபீனை 2004-இல் கெய்மும் நோவோசெலோவும் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு. ஒற்றை அடுக்கு கிராஃபீன் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உட்கவர்கிறது. அகச்சிவப்பில் இருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளி வரை இது ஏறத்தாழ மாறுவதில்லை. ஒளிச்செறிவு கூடும்போது எலக்ட்ரான் நிலைகள் நிரம்பி உட்கவர்தல் குறைகிறது. இதுதான் தெவிட்டும் உட்கவர்தல். 2009-இல் கிராஃபீனை இப்படிப் பயன்படுத்தி எர்பியம் ஃபைபர் லேசரில் ஃபெம்டோவினாடித் துடிப்புகளை எடுத்துக் காட்டினார்கள்.

மாலிப்டினம் டைசல்பைடுக்கு ஆற்றல் இடைவெளி உண்டு. கட்டிப் பொருளில் அது சுமார் 1.3 எலக்ட்ரான்வோல்ட், மறைமுகம். ஒற்றை அடுக்கில் 1.8-ஐ ஒட்டி, நேரடி. ஒற்றைப்படை அடுக்குகளில் மைய சமச்சீர் இல்லாததால் இரண்டாம் இசைமம் (இருமடங்கு அதிர்வெண் உள்ள ஒளி) பிறக்கும். இரட்டைப்படையில் அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். திரவத்தில் மிதக்கும் செதில்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் நம் அளவீட்டில் மூன்றாம் படி விளைவு, அதாவது ஒளிச்செறிவோடு ஒளிவிலகல் எண்ணும் உட்கவர்தலும் மாறுவது, மட்டுமே மிஞ்சும்.

முதல் மாதிரியாக மாலிப்டினம் டைசல்பைடையே பரிந்துரைக்கிறோம். காற்றில் கெடாது, தூள் மலிவு. யூவி-விசிபிளில் அதன் அடையாளம் பளிச்சென்று தெரியும். கருப்பு பாஸ்பரஸ் பக்கம் போகவேண்டாம். காற்றும் ஈரமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும், கையுறைப் பெட்டி இல்லாத ஆய்வகத்துக்கு அது வீண் செலவு.

செதில் பிரித்தல்

இரண்டு மாதிரிகள் வேண்டும். ஒன்று ஐசோபுரோப்பனாலில், இன்னொன்று தண்ணீரில். இரண்டும் ஏன் என்பது பின்னால் தெரியும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு இறங்கவேண்டாம்.

ஐசோபுரோப்பனால் மாதிரிக்கு 500 மி.கி. தூளை 100 மி.லி. கரைப்பானில் போடவும். தண்ணீர் மாதிரிக்கு அதே 500 மி.கி. தூள், 100 மி.லி. தண்ணீர், 150 மி.கி. சோடியம் கோலேட். என்-மெத்தில் பைரோலிடோனில் செதில் நன்றாகப் பிரியும், ஆனால் அது கருவைப் பாதிக்கும் நச்சு, கொதிநிலையும் 202 டிகிரி; பின்னால் வெளியேற்றுவது பெரும்பாடு. எத்தனால்-தண்ணீர்க் கலவையும் நல்லதே. அதற்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அனுமதிக்காகக் கல்லூரி அலையவேண்டும் என்பதால் ஐசோபுரோப்பனாலே நிம்மதி.

தண்ணீர் விஷயத்தில் இங்கே கூடுதல் கவனம் தேவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் ஃப்ளோரைடு மிகுதி என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். நம் வேலைக்கு ஃப்ளோரைடைவிட அதனுடன் கரைந்திருக்கும் மற்ற உப்புகளே எதிரி. செதில்களின் மேல் ஒட்டியிருக்கும் கோலேட் அவற்றுக்கு எதிர்மின்னூட்டம் தந்து, ஒன்றையொன்று தள்ளவைக்கிறது. கால்சியம், மக்னீசியம் அயனிகள் வந்தால் அந்தத் தள்ளுவிசை மறைக்கப்பட்டு, ஓரிரு மணி நேரத்தில் செதில்கள் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் போதாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். இருமுறை காய்ச்சி வடித்த நீர்தான். சோனிகேட்டர் தொட்டிக்கும் போர் தண்ணீர் ஊற்றவேண்டாம். சுவரில் உப்புப் படிந்து அதிர்வு மங்கும்.

முதல் ஒரு மணி நேர சோனிகேஷன் கழுவுவதற்கு. பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய தூளைப் புதுக் கரைப்பானில் கலக்கவும். தூளில் இருக்கும் மிக நுண்ணிய அழுக்கும் கரையும் மாசுகளும் இதில் போய்விடும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு நிறமாலையில் விளக்கமில்லாத ஒரு மேடு வந்து நிற்கும்.

அடுத்து 6 முதல் 8 மணி நேரம். 40 கிலோஹெர்ட்ஸ், 100 வாட் தொட்டி போதும். தொட்டியில் எல்லா இடத்திலும் ஒரே வலிமை இராது. ஒரு அலுமினியத் தாளைச் செங்குத்தாக அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். எங்கே துளை விழுகிறதோ அங்கே குடுவையை நிறுத்தவும். குடுவைக்குள் இருக்கும் திரவ மட்டமும் தொட்டி நீர் மட்டமும் சமமாக இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் தொட்டி நீர் ஒரு மணி நேரத்துக்குள் 50 டிகிரியைத் தொடும். ஐசோபுரோப்பனால் ஆவியாகும், செதிலின் விளிம்புகள் ஆக்சிஜனேற்றம் அடையும். அரை மணிக்கு ஒருமுறை ஐஸ் போட்டு 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும். மின்சாரம் போய் இடையில் நின்றால் கவலையில்லை, மொத்த நேரம்தான் கணக்கு.

சென்ட்ரிஃபியூஜ்: 10 செ.மீ. ஆர ரோட்டரில் நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது புவியீர்ப்பைப்போல் சுமார் 250 மடங்கு. 60 நிமிடம் ஓட்டி, மேல் பாதியை மட்டும் பிப்பெட்டில் மெதுவாக எடுக்கவும். அறிக்கையில் சுற்று எண்ணை மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயன் இல்லை. ரோட்டர் ஆரத்தையும் எழுதுங்கள்.

நிறமாலையும் நீர்க்கச் செய்தலும்

670 நானோமீட்டரை ஒட்டி ஒரு மேடு, 610-ஐ ஒட்டி இன்னொன்று. இவை ஏ, பி எக்ஸிட்டான்கள் (எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் சேர்ந்த இணைகள்). இரண்டும் இல்லாமல் வெறும் சரிவு மட்டும் வந்தால் உங்களிடம் இருப்பது பிரியாத தூள், அல்லது கெட்டுப்போன செதில். மேடுகள் இருந்தும் 700 நானோமீட்டருக்கு அப்பால் வரைபடம் உயர்ந்தே நின்றால், பெரிய துண்டுகளின் சிதறல் அது. இன்னொரு முறை சென்ட்ரிஃபியூஜ்.

இலக்கு: 1 மி.மீ. கியூவெட்டில் 532 நானோமீட்டரில் உட்கவர்திறன் 0.22. அதாவது 60 சதவீத ஒளி கடந்து வரவேண்டும். இதை 1 செ.மீ. கியூவெட்டில் அளந்து பத்தால் வகுக்கும் பழக்கம் வேண்டாம். அங்கே 2.2 வரும்; எளிய கருவிகளில் அந்த எல்லையில் சிதறிய ஒளி வாசிப்பைக் குறைத்துக் காட்டும். லேசரில் வைக்கப்போகும் அதே கியூவெட்டிலேயே அளக்கவும். 1 மி.மீ. குவார்ட்ஸ் கியூவெட் விலை கூடுதல்தான், ஆனாலும் இந்தப் பட்டியலில் தவிர்க்கமுடியாத ஒரே கண்ணாடிப் பொருள் அது. காரணம் அடுத்த பகுதியில்.

மேடையும் கதிரும்

ஆப்டிகல் டேபிள் இல்லையே என்று நிற்கவேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கனமான சமதளத்துக்கு அலைவது வேடிக்கை. பர்கூர், ஜெகதேவி பக்கத்து கிரானைட் பட்டறைகளில் வெட்டிய மிச்சத் துண்டுகள் கிடைக்கும். சமையல் மேடைக்குப் போகும் 20 மி.மீ. பலகை மெலிசு, 50 மி.மீ. கனத்தில், 120-க்கு 60 செ.மீ. அளவில், ஒரு பக்கம் பாலிஷ் செய்ததாகக் கேளுங்கள். எடை ஏறத்தாழ 97 கிலோ இருக்கும், நாலு பேர் வேண்டும். அடியில் பாதி காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் இரண்டு. மேலே 3 மி.மீ. இரும்புத் தகட்டை எப்பாக்ஸியால் ஒட்டினால் காந்த அடிக்கட்டைகள் நிற்கும். கல்லில் மரை போட முயலவேண்டாம். தரைத்தளமாக இருக்கட்டும். நெடுஞ்சாலை ஓரக் கட்டடத்தின் மாடியில் லாரி போகும்போதெல்லாம் வாசிப்பு ஆடும்.

லேசர் 532 நானோமீட்டர், 50 மில்லிவாட் போதும். மலிவான பச்சை மாட்யூல்களில் 1064, 808 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியும். பச்சை கண்ணுக்குத் தெரிகிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள், டிடெக்டரோ தெரியாததையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கும். லேசருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். 50 மில்லிவாட் என்பது 3பி வகுப்பு: 532-க்கும் 1064-க்கும் சேர்த்த பாதுகாப்புக் கண்ணாடி, கதிர் உட்கார்ந்திருப்பவர் கண்மட்டத்துக்குக் கீழே, கையில் கடிகாரம் மோதிரம் இல்லாமல். லேசரை யூபிஎஸ்ஸில் இணைத்து 30 நிமிடம் சூடாக விடுங்கள். அதற்குள் அளந்தால் ஒளித்திறன் மேலும் கீழும் போகும்.

கதிரின் குறுக்குவெட்டு வட்டமாக, நடுவில் ஒளி மிகுந்து ஓரத்தில் தேய்வதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் 10 மடங்கு ஆப்ஜெக்டிவும் 25 மைக்ரான் பின்ஹோலும் வைத்து வடிகட்டிக்கொள்ளவும். பிறகு கதிரின் ஆரம் 1 மி.மீ. ஆகும்படி சீராக்கி, 10 செ.மீ. குவியத் தூர லென்ஸில் விடவும். கணக்கு இப்படி வரும்: குவியப் புள்ளியின் ஆரம் = அலைநீளம் × குவியத் தூரம் ÷ (பை × கதிர் ஆரம்) = 17 மைக்ரான். ரேலே நீளம் (குவியத்தை ஒட்டிக் கதிர் பெரிதாக விரியாமல் இருக்கும் தூரம்) = பை × புள்ளி ஆரத்தின் வர்க்கம் ÷ அலைநீளம் = 1.7 மி.மீ.

இந்த 1.7 மி.மீ.தான் கியூவெட்டைத் தீர்மானிக்கிறது. இசட்-ஸ்கேன் சூத்திரங்கள் எல்லாம் மாதிரி ரேலே நீளத்தைவிட மெலிசு என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. 1 மி.மீ. கியூவெட் பொருந்தும். யூவி-விசிபிளில் இருந்து எடுத்த 1 செ.மீ. கியூவெட்டை அப்படியே வைத்தால் கதிர் அதற்குள்ளேயே குவிந்து விரிந்துவிடும். வரைபடம் அழகாகத்தான் வரும், எண் பொய்.

17 மைக்ரானைக் கணக்கில் மட்டும் நம்பாமல் சவர பிளேடால் அளந்து சரிபார்க்கவும். பிளேடைக் கதிருக்குக் குறுக்கே நகர்த்தி, ஒளித்திறன் 90-இல் இருந்து 10 சதவீதத்துக்கு இறங்கும் தூரத்தை எடுத்து 1.28-ஆல் வகுத்தால் ஆரம் வரும். குவியத்திலேயே இதைச் செய்ய 10 மைக்ரான் படியுள்ள மைக்ரோமீட்டர் போதாது. குவியத்திலிருந்து 10, 20, 30, 40 மி.மீ. தள்ளி அளந்து, விரியும் கோணத்தில் இருந்து பின்னோக்கிக் கணக்கிடவும். இந்த எண்ணில் 10 சதவீதப் பிழை இருந்தால் ஒளிச்செறிவில் 20 சதவீதப் பிழை. எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுதான்.

ஸ்கேன்

குவியத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி ஐரிஸ் (அளவை மாற்றக்கூடிய துளை). அங்கே கதிரின் ஆரம் சுமார் 5 மி.மீ. இருக்கும். மாதிரி இல்லாமல், ஐரிஸ் வழியே 30 சதவீத ஒளி போகும்படி துளையைச் சரிசெய்யவும். விட்டம் சுமார் 4.2 மி.மீ. வரும். அதற்குப் பின்னால் ஒரு சேகரிக்கும் லென்ஸ், பிறகு டிடெக்டர். கதிரைக் குவிக்கும் முதல் லென்ஸுக்கு முன்பே ஒரு கண்ணாடித் தகட்டால் கொஞ்சம் ஒளியைப் பிரித்து இரண்டாவது டிடெக்டருக்கு அனுப்புங்கள். எழுதிக்கொள்வது இரண்டின் விகிதம். மின்னழுத்தம் ஆடும் ஊரில் ஒற்றை டிடெக்டரை நம்புவது வீண்.

மாதிரியில் விழும் திறனை நியூட்ரல் ஃபில்டரால் 1 மில்லிவாட்டுக்குக் கொண்டுவாருங்கள். 50 இருக்கும்போது ஏன் ஒன்று என்று கேட்கலாம். சூத்திரம் கட்ட மாற்றம் ஓரிரு ரேடியனுக்குள் இருக்கும்வரைதான் சரி. அதைத் தாண்டினால் வளையங்கள் தோன்றி, வரைபடத்தை வாசிக்கமுடியாது. கியூவெட்டை ஒன்றிரண்டு டிகிரி சாய்த்து வைக்கவும், எதிரொளித்த கதிர் நேரே லேசருக்குள் திரும்பினால் அது நிலைகுலையும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். 25 மி.மீ. மைக்ரோமீட்டர் மேடையில் குவியத்துக்கு இருபுறமும் 12 மி.மீ. ஓட்டினால் இருபக்கமும் ஏழு ரேலே நீளம் கிடைக்கும். ஓரத்தில் 0.5 மி.மீ. படி, நடுவில் 5 மி.மீ. அகலத்துக்கு 0.2 மி.மீ. படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு வினாடி பொறுத்து வாசிக்கவும். முதலில் வெறும் கரைப்பானோடு ஒரு ஸ்கேன்: கோடு தட்டையாக வரவேண்டும். பிறகு மாதிரியோடு. அதன்பின் ஃபில்டரைக் கூட்டி பத்தில் ஒரு பங்கு திறனில் மறுபடி ஓட்டி, முதல் ஸ்கேனை இதனால் வகுத்தால் கியூவெட் கண்ணாடியின் கறையும் கீறலும் கழிந்துவிடும். தூசு ஒன்று நடுவில் ஒட்டியிருந்தால் இரண்டு ஸ்கேனிலும் ஒரே இடத்தில் பள்ளம் தெரியும்.

ஐரிஸை முழுக்கத் திறந்து இன்னொரு ஸ்கேன், உட்கவர்தலுக்காக. இதில் ஒரு பொறி உண்டு. மாதிரி சூடாகி லென்ஸ்போல் கதிரை விரிக்கும்போது ஓரத்து ஒளி டிடெக்டருக்கு வெளியே போய்விடும். அதைப் பார்த்து “இரட்டை ஃபோட்டான் உட்கவர்தல்” என்று எழுதியவர்கள் உண்டு. திறந்த ஸ்கேனுக்கு அகன்ற டிடெக்டரை மாதிரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து அளந்தால் பள்ளம் மறைகிறதா என்று பாருங்கள். கிலோவாட் அளவுச் செறிவில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

எண்ணும் அதன் லட்சணமும்

லென்ஸ் பக்கத்தில் இருந்து தொடங்கினால் முதலில் சிகரம், பிறகு பள்ளம் வரும். ஒளிவிலகல் எண் ஒளிச்செறிவோடு குறைகிறது, கதிர் விரிகிறது என்று பொருள். சிகரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே உயர வித்தியாசம் 0.40 என்று வைத்துக்கொள்வோம். ஐரிஸ் 30 சதவீதம் விடுவதால் (1 − 0.3)-இன் நான்காம் மூலம் 0.915. கட்ட மாற்றம் = 0.40 ÷ (0.406 × 0.915) = 1.08 ரேடியன்.

1 மில்லிவாட்டில் குவியச் செறிவு = 2 × திறன் ÷ (பை × ஆர வர்க்கம்) = சதுர மீட்டருக்கு 22 லட்சம் வாட். சதுர செ.மீட்டருக்குச் சொன்னால் 0.22 கிலோவாட். செயல் நீளம் = (1 − 0.6) ÷ 0.51 = 0.78 மி.மீ. (0.51 என்பது 60 சதவீதம் கடத்தும் மாதிரியின் உட்கவர்தல் எண், ஒரு மி.மீட்டருக்கு). நேரிலா ஒளிவிலகல் எண் = கட்ட மாற்றம் × அலைநீளம் ÷ (2 × பை × செறிவு × செயல் நீளம்). விடை வாட்டுக்கு 5.3 × 10⁻⁷ ச.செ.மீ., குறி எதிர்மறை.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் ஒரு ஒப்பீடு. இந்தத் துறையில் அளவுகோலாக வைக்கும் கார்பன் டைசல்பைடின் மதிப்பு, பிக்கோவினாடித் துடிப்பில், சுமார் 3 × 10⁻¹⁴. இசட்-ஸ்கேன் முறையை 1989, 1990-இல் வெளியிட்ட ஷேக்-பஹாயே குழுவும் அதைத்தான் அளந்து காட்டியது. நம் செதில் கரைசல் அதைவிட ஒன்றரைக் கோடி மடங்குக்கும் மேல் வலியது என்கிறது இந்தக் கணக்கு. நம்பலாமா? இதே மேடையில் 20 மில்லிவாட்டை முழுசாகவே கார்பன் டைசல்பைடில் விட்டாலும் எலக்ட்ரான் வகைக் கட்ட மாற்றம் பத்து லட்சத்தில் ஒன்றரை ரேடியன்தான் வரும். டிடெக்டர் அதைக் காணவே காணாது. அப்படியிருக்க இங்கே ஒரு ரேடியன் வருகிறதென்றால், அது திரவம் சூடாகி அடர்த்தி குறைந்ததால் வந்தது.

(கார்பன் டைசல்பைடை வாங்கி வைத்துச் சரிபார்க்க ஆசைப்படவேண்டாம். 46 டிகிரியில் கொதிக்கும், 100 டிகிரிக்குக் கீழேயே தானாகத் தீப்பிடிக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு ஏற்ற பொருள் கிடையாது.)

சூடுதானா என்று சோதிப்பது

முதல் சோதனைக்கு டிடெக்டரே வேண்டாம். ஐரிஸ் இருந்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, திறனை 20 மில்லிவாட்டுக்கு உயர்த்துங்கள். ஐசோபுரோப்பனால் மாதிரியில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் விரியும். உட்கவர்ந்த 8 மில்லிவாட், கரைப்பானின் ஒளிவிலகல் எண் டிகிரிக்கு சுமார் 0.0004 குறைவது, வெப்பக் கடத்தல் சுமார் 0.135 வாட்/மீட்டர்-டிகிரி. இவற்றை வைத்துத் தோராயமாகப் போட்டால் 44 ரேடியன், அதாவது ஏழு வளையம். ஓரிரு வினாடியில் மேல் பாதி வளையங்கள் சப்பையாகும். சூடான திரவம் மேலே எழும்புவதால் அது. இப்போது அதே உட்கவர்திறன் கொண்ட தண்ணீர் மாதிரியை வையுங்கள். தண்ணீரில் ஒளிவிலகல் எண் டிகிரிக்கு 0.0001-தான் குறைகிறது, வெப்பக் கடத்தலோ 0.6. கணக்கில் 2.5 ரேடியன்; ஒரு முழு வளையம்கூட வராது. செதில் அதே செதில். கரைப்பான் மாறியதும் விளைவு 15-20 மடங்கு சரிந்தால் அந்த விளைவு செதிலின் எலக்ட்ரானுக்குச் சொந்தமில்லை. இரண்டு மாதிரியும் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது சோதனை நேரத்தை வைத்து. வெப்ப லென்ஸ் உருவாகும் நேரம் = புள்ளி ஆர வர்க்கம் ÷ (4 × வெப்பப் பரவல் எண்). 17 மைக்ரான் புள்ளிக்கு ஐசோபுரோப்பனாலில் சுமார் 1 மில்லிவினாடி, தண்ணீரில் அதில் பாதி. எலக்ட்ரான் விளைவோ பிக்கோவினாடிகளில் முடிந்துவிடும். கணினி மின்விசிறி மோட்டாரில் அரைவட்ட அட்டையைப் பொருத்தி லென்ஸுக்கு முன்னால் சுற்றவிடுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்றில், மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளிக் கதிர் பட்டால், 2 மி.மீ. கதிர் முழுக்கத் திறக்க 0.16 மில்லிவினாடி, திறந்தே இருப்பது 10 மில்லிவினாடி. மெதுவாகச் சுற்றினால் கதவு திறக்கும் நேரமே வெப்ப நேரத்தை மூடி மறைத்துவிடும். மாதிரியைப் பள்ளத்தில், குவியத்துக்கு அப்பால் 1.5 மி.மீ. தள்ளி வைத்து, ஐரிஸ் டிடெக்டரை ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். திறந்த கணத்தில் உயர்ந்து, பிறகு சில மில்லிவினாடிகளில் வளைந்து இறங்கும் கோடு கிடைக்கும். அந்த வளைவு உங்கள் அறிக்கையின் மிக நேர்மையான வரைபடமாக இருக்கும்.

சூடு என்று தெரிந்தபின் அளவீடு வீணாகிவிடுவதில்லை. உட்கவர்ந்த ஒளியில் எவ்வளவு வெப்பமாகிறது, கரைப்பான் அதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதற்கு இது நல்ல அளவீடு. ஒளித்தடுப்பான் செய்யவும் உதவும். “வெப்ப வகை நேரிலா விளைவு” என்று பெயர் வைத்து, மில்லிவினாடி நேரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். அதிவேக ஒளிச் சுவிட்சுக்குப் பயன்படும் என்று கடைசிப் பத்தியில் எழுதவேண்டாம். மில்லிவினாடி சுவிட்ச் யாருக்கும் வேண்டியிருக்காது.

துடிப்பு லேசருக்குப் போகும்போது

நானோவினாடி என்டி-யாக் லேசர், 10 ஹெர்ட்ஸ் கிடைத்தால் துடிப்புகளுக்கு நடுவே சூடு ஆறிவிடும். ஆனால் ஒரே துடிப்புக்குள் செதில் சூடாகிச் சுற்றியுள்ள திரவத்தை ஆவியாக்கும். நுண்குமிழ்கள் ஒளியைச் சிதறடிக்கும். திறந்த ஸ்கேனில் ஆழமான பள்ளம் வரும், காரணம் சிதறல். பக்கவாட்டில் 30 அல்லது 45 டிகிரியில் இன்னொரு டிடெக்டர் வைத்தால் குவியத்தில் அது உயர்வது தெரியும்.

எலக்ட்ரான் விளைவு வேண்டுமென்றால் ஃபெம்டோவினாடி. அதற்குப் பெங்களூருதான் பக்கம்; கிருஷ்ணகிரியில் இருந்து 90 கிலோமீட்டர். ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்கான ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி வெளியாருக்குத் திறந்திருக்கிறது என்று தேடி, நேரம் பதிவு செய்யலாம். பதிவு செய்யும்முன் ஒன்றைக் கேளுங்கள்: வினாடிக்கு எத்தனை துடிப்பு? 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் துடிப்புகளுக்கு இடைவெளி 12.5 நானோவினாடி, மறுபடி சூடு சேர்ந்து, விட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். 1 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் குறைவு வேண்டும்.

அங்கே 100 ஃபெம்டோவினாடி, 100 நானோஜூல், 30 மைக்ரான் புள்ளி என்றால் செறிவு சதுர செ.மீட்டருக்கு சுமார் 66 ஜிகாவாட். இந்த உயரத்தில் கியூவெட்டின் குவார்ட்ஸ் சுவர்களே பேச ஆரம்பிக்கும்: இரண்டு சுவரும் சேர்ந்து 2 மி.மீ., 800 நானோமீட்டரில் சுமார் 0.28 ரேடியன், நேர்மறை. வெறும் கரைப்பான் நிரம்பிய கியூவெட்டின் ஸ்கேனைக் கழிக்காமல் செதிலுக்கு எண் சொல்லவே முடியாது. பயணத்துக்கு முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும் யூவி-விசிபிள் எடுங்கள். பஸ்ஸின் மேல் தட்டில் நாலு மணி நேரம் வெயிலில் கிடந்த பாட்டில் அதே பாட்டில் இல்லை.

படலமும் ஃபைபரும்

தண்ணீர் மாதிரியை இதற்குப் பயன்படுத்தவும். 5 சதவீத பாலிவினைல் ஆல்கஹால் கரைசலை 80-90 டிகிரியில் கிளறிக் கரைத்து, ஆறியபின் செதில் கரைசலோடு சம அளவு கலந்து, பத்து நிமிடம் சோனிகேட் செய்து, குமிழ் அடங்கவிட்டுப் பெட்ரி தட்டில் ஊற்றவும். 40 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் ஓரிரு நாள் உலர்த்தினால் சில பத்து மைக்ரான் கனமுள்ள படலம் உரிந்து வரும். அவசரப்பட்டு ஓவனில் வைத்தால் செதில்கள் ஓரத்தில் திரண்டு வளையமாக நிற்கும். கிரானைட் தூள் பறக்கும் ஊரில் தட்டை மூடி வைப்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1 மி.மீ. சதுரத் துண்டை வெட்டி இரண்டு ஃபைபர் கனெக்டர் முனைகளுக்கு இடையே வைத்து இணைத்தால் தெவிட்டும் உட்கவர்வான் தயார்.

1550 நானோமீட்டர் என்பது 0.8 எலக்ட்ரான்வோல்ட். மாலிப்டினம் டைசல்பைடின் ஆற்றல் இடைவெளியைவிட அது குறைவு, ஆகவே அங்கே உட்கவர்வது பெரும்பாலும் குறைபாடுகளும் செதில் விளிம்புகளும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் எண் மாறுவதற்கு இதுவே காரணம். எர்பியம் லேசருக்கு கிராஃபீன் சீராக நடந்துகொள்ளும். படலம் சுமார் 85 டிகிரியில் இளகத் தொடங்கும், எனவே பம்ப் திறனை ஏற்றும்போது வெளியீடு திடீரென விழுந்தால் முனையை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நடுவில் எரிந்த புள்ளி இருக்கும்.

துடிப்பு வந்ததும் படலம்தான் காரணம் என்று முடிவுகட்டவேண்டாம். வளைய லேசரில் ஃபைபரின் தளவிளைவுச் சுழற்சியே, படலம் எதுவும் இல்லாமல், துடிப்புகளை உண்டாக்கும். படலத்தை எடுத்துவிட்டு, முனைகளைத் துடைத்து மறுபடி இணைத்து, அதே பம்ப் திறனில் போலரைசேஷன் கன்ட்ரோலரின் மூன்று துடுப்புகளையும் பொறுமையாக எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பாருங்கள். துடிப்பு எங்கேயும் வராவிட்டால் மட்டும் படலத்தின் பெயரில் எழுதலாம்.